செவிடன் காதில் ஊதிய சங்கு

பயனற்ற முயற்சியைக் குறிப்பதற்குத் தமிழர் வழங்கும் பழமொழிகளுள் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்பதும் ஒன்று. எத்துணை உரத்த ஒலியாயினும் கேளாச் செவியில் ஏறாது என்பது அதன் கருத்து. பழமொழிகள் பெரும்பாலும் அனுபவத்திற் பிறந்தவை. ஆயினும் இப்பழமொழியைப் பொறுத்தமட்டில் அனுபவம் வேறு விதமாகவே சான்று பகர்கின்றது. செவிப்புலன் குறைந்த ஒருவரின் காதருகே சங்கை ஊதிப் பார்த்தால், பலவேளைகளில் அவரே மற்றவர்களுக்கு முன்னர் திடுக்குற்றுக் காதைப் பொத்திக்கொள்வார். மெல்லிய ஒலியைக் கேளாத அதே காது வல்லொலியைப் பொறுக்கமாட்டாமல் வருந்துகின்றது. இந்த முரண்பாட்டை அறியாமையால் எத்தனையோ வீடுகளிலும் வகுப்பறைகளிலும் மனத்தாங்கல்கள் விளைகின்றன.

ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கின்றார். பேத்தி தாழ்ந்த குரலில் ஏதோ கேட்கின்றாள். "என்ன பிள்ளை, விளங்கேல்லை, கொஞ்சம் பலத்துச் சொல்லு" என்கின்றார். அவள் சற்றுப் பலத்துச் சொல்கின்றாள். அதுவும் விளங்கவில்லை. மூன்றாம் முறை அவள் உரத்துக் கத்துகின்றாள். உடனே முதியவர் முகத்தைச் சுளித்து, "ஏன் இப்பிடிக் கத்துறாய்? எனக்கென்ன காது செவிடே?" என்கின்றார். அறையிலுள்ள ஏனையோர் நகைக்கின்றனர். "அப்புவுக்குத் தேவையானது மட்டும் கேட்கும்" என்று ஒருவர் முணுமுணுக்கின்றார். நகைப்பவர்களுக்குத் தெரியாதது யாதெனில், முதியவர் சொன்ன இரண்டும் உண்மை என்பதே. முதலிற் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை; பின்னர்ச் சொன்னது அவரை நோகச் செய்தது. இடையிலே, கேட்கவும் விளங்கவும் நோகாமல் இருக்கவும் கூடிய ஒலியின் எல்லை அவருக்கு மிகவும் ஒடுங்கிவிட்டது.

இந்த அனுபவத்தைத் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் மிகப் பெயர் பெற்றவர் ஜெர்மானிய இசைமேதையாகிய பீதோவன் ஆவார். 1801ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முப்பது வயதாயிருந்தபோது, தம் இளமைக்கால நண்பரும் வைத்தியருமான வெகெலருக்கு அவர் ஒரு கடிதம் வரைந்தார். சில ஆண்டுகளாகவே தம் செவிப்புலன் நலிந்து வருவதை அதிலே அவர் வெளியிட்டார். தாழ்ந்த குரலிற் பேசுபவரின் ஒலி தமக்குக் கேட்கின்றபோதிலும் சொற்கள் விளங்குவதில்லை என்றும், அதே வேளையில் எவரேனும் கத்தினாலோ அதனைத் தாங்கமுடிவதில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். எட்டு ஆண்டுகளின் பின், 1809ஆம் ஆண்டு மே மாதத்தில், நெப்போலியனின் படைகள் வியன்னா நகரைப் பீரங்கிகளால் தாக்கின. அப்போது பீதோவன் தம் சகோதரர் வீட்டின் நிலவறையில் ஒதுங்கி, வெடியோசை கேளாதவாறு தலையணைகளாற் காதை மூடிக்கொண்டிருந்தார் என அவருடைய மாணவர் ரீஸ் எழுதியுள்ளார். செவிப்புலனை இழந்துகொண்டிருந்த மனிதர், ஒலிக்கு அஞ்சித் தலையணையைத் தேடினார். இதிலே நடிப்பும் இல்லை, விந்தையும் இல்லை. காதின் அமைப்பை அறிந்தவர்க்கு இது இயல்பாகவே தோன்றும்.

காது மூன்று பகுதிகளை உடையது. புறச்செவி ஒலியை ஏற்றுச் செவிப்பறைக்குச் செலுத்துகின்றது. நடுச்செவியிலே சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்னும் மூன்று சிற்றெலும்புகள் செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியிலே நத்தையின் ஓட்டைப்போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழாய் உண்டு. நத்தைச்சுருள் எனப்படும் அதனை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 35 மில்லிமீற்றர் நீளமே இருக்கும். அதற்குள் நிரம்பிய பாயத்தின் அசைவை நரம்புக் கணத்தாக்கமாக மாற்றும் பணி, நுண்மயிர்கள் பொருந்திய மயிர்க்கலங்களுக்கு உரியது.

ஆகவே செவிப்புலன் குறைவும் பெரும்பான்மை இருவகைப்படும். காதிற் குரும்பி அடைத்தல், செவிப்பறை துளைபடுதல், நடுச்செவியிற் சீழ் கட்டுதல், ஏந்தியுரு அசைவற்று இறுகுதல் ஆகியவற்றால் ஒலி உட்செவியை அடையும் வழி தடைப்படுவது ஒருவகை. இதனைக் கடத்தற் குறைவு எனலாம். வழி திறந்திருந்தும், மயிர்க்கலங்களோ அவற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்போ பழுதடைவது மற்றவகை. இதனைப் புலன்நரம்புக் குறைவு என்பர். முதுமையாலும், நெடுங்காலப் பேரொலியாலும், சில நோய்களாலும், சில மருந்துகளாலும் உண்டாவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. இவ்விரு வகையினரும் இரைச்சலின் நடுவே ஒருவருக்கொருவர் நேர்மாறாக நடந்துகொள்வர் என்பது கருதத்தக்கது.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தோமஸ் வில்லிஸ் என்னும் வைத்தியர், 1672ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலொன்றிலே ஒரு பெண்மணியைப் பற்றிக் கூறுகின்றார். அமைதியான அறையில் அப்பெண்மணிக்கு எவர் பேசுவதும் கேட்பதில்லை. அறையினுள்ளே முரசு ஒலித்தால் மட்டும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்குமாம். ஆதலால் கணவர் முரசறையத் தெரிந்த ஒருவனை வேலைக்கமர்த்தி, மனைவியோடு உரையாட விரும்பியபோதெல்லாம் முரசை முழக்கச் செய்தார். கதை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் வைத்திய உலகம் அந்நிலைக்கு வில்லிசின் பெயரையே சூட்டி இன்றும் நினைவுகூர்கின்றது.

அப்பெண்மணிக்கு இருந்தது கடத்தற் குறைவு எனக் கொள்ளுதல் பொருந்தும். முரசொலி முழங்கும்போது நல்ல காதுடையோர் தம்மையறியாமலே குரலை உயர்த்திப் பேசுவர். இவ்வியல்பினை 1911ஆம் ஆண்டில் லொம்பார்ட் என்னும் பிரெஞ்சு வைத்தியர் ஆராய்ந்து வெளியிட்டார். உயர்ந்த அக்குரல் அடைபட்ட காதின் தடையைத் தாண்டி உட்சென்றது. முரசொலியோ அதே தடையினால் தணிந்து சென்றது. உட்செவி பழுதின்றி இருந்தமையால், சேர்ந்து வந்த இரண்டையும் பிரித்தறிவது அதற்கு அரிதாகவில்லை. கடத்தற் குறைவுடையோருக்குக் காதிற் பஞ்சு அடைத்த நிலைதான். பேரொலியும் அவர்களிடம் சற்றுத் தணிந்தே செல்லும். உட்செவி பழுதுற்றவர்களின் நிலை இதுவன்று. முரசை முழக்கினால் அவர்கள் உள்ளதையும் இழப்பர்.

இதனை விளங்கிக்கொள்ள ஒலியை அளக்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். ஒலியின் மட்டத்தை டெசிபெல் என்னும் அலகினாற் குறிப்பர். இளமையும் நலமும் வாய்ந்த காது அரிதிற் கேட்கக்கூடிய ஒலி 0 டெசிபெல் அளவினது. காதோடு காதாகப் பேசுவது 30 அளவிலும், சாதாரண உரையாடல் 60 அளவிலும், பார ஊர்திகள் செல்லும் தெருவின் இரைச்சல் 80க்கு மேலும் அமையும். 100 அளவை அண்மிக்கும்போது பெரும்பாலோர் காதிலே பொறுக்கவியலாமை தோன்றத் தொடங்கும். இந்த அலகு கூட்டல் வழியில் அன்றிப் பெருக்கல் வழியில் ஏறுவது. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் வலு பத்து மடங்காகும். ஆனால் மனிதருக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகவே புலப்படும்.

நலமுள்ள காதை ஓர் உயர்ந்த அறைக்கு ஒப்பிடலாம். கேட்கத் தொடங்கும் எல்லை அதன் தரை. பொறுக்கமுடியாத எல்லை அதன் கூரை. தரைக்கும் கூரைக்கும் இடையே ஏறத்தாழ நூறு டெசிபெல் உயரம் உண்டு. கிசுகிசுப்பு, பேச்சு, பாட்டு, மணியோசை யாவும் அதனுள்ளே தத்தம் இடத்தில் நெருக்கமின்றி அமைகின்றன. உட்செவி பழுதுற்றவருக்குத் தரை உயர்ந்துவிடுகின்றது. அவருக்கு 60 டெசிபெலுக்குக் குறைந்தது எதுவும் கேட்பதில்லை என வைத்துக்கொள்வோம். கூரையோ பழைய இடத்திலேயே, 100 அளவில், நிற்கின்றது. நூறு அளவு உயரத்தில் வாழ்ந்த ஒலிகள் அனைத்தும் இப்போது நாற்பது அளவு உயரத்திற்குள் நெருக்குண்டு கிடக்கின்றன. மற்றவருக்கு மெல்லப் படிப்படியாக உயரும் ஒலி, இவருக்கு ஒன்றுமில்லாத நிலையிலிருந்து சட்டெனப் பேரொலியாகப் பாய்கின்றது. 'கேட்கவில்லை' என்பதற்கும் 'கத்தாதே' என்பதற்கும் இடையே சில படிகளே உள்ளன.

இந்நிலையை முறையாக அளந்து காட்டியவர் நியூயோர்க் நகரத்துக் காது வைத்தியராகிய எட்மண்ட் பிரின்ஸ் ஃபவுலர் ஆவார். ஒரு காது நன்றாகவும் மறுகாது குறைவாகவும் உள்ள நோயாளரை 1930களில் அவர் ஆராய்ந்தார். ஒரே சுருதியை இரு காதிலும் மாறிமாறி ஒலிக்கச் செய்து, எந்த அளவில் இரண்டும் சமமாகக் கேட்கின்றன என வினவினார். மெல்லொலியில் இரு காதுகளுக்கும் பெரும் வேற்றுமை காணப்பட்டது. ஒலியை உயர்த்த உயர்த்த அவ்வேற்றுமை குறைந்து, இறுதியிற் பழுதுற்ற காதும் நல்ல காதுக்கு நிகராக உரத்துக் கேட்டது. படைக்கு ஆட்சேர்த்தல் என்னும் பொருள் தரும் சொல்லொன்றை இதற்கு அவர் வழங்கினார். தமிழில் இதனை உரப்புத் திரட்சி எனலாம். 1948ஆம் ஆண்டில் இலண்டனில் டிக்ஸ், ஹால்பைக், ஹூட் என்னும் மூவர், இத்திரட்சி உட்செவி நோயிலே தோன்றுவதையும், செவிநரம்பிற் கட்டி உண்டாகியபோது தோன்றாதிருப்பதையும் எடுத்துக்காட்டினர். பல ஆண்டுகளுக்கு நோயின் இருப்பிடத்தைக் கண்டறிய இச்சோதனை வைத்தியர்களுக்கு உதவிற்று.

இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் பின்னரே வெளியாயிற்று. அங்கேரி நாட்டிற் பிறந்த பேகேசி என்பவர், நத்தைச்சுருளின் மென்சவ்வு வழியே ஒலி அலையாக ஓடுவதைக் கண்டறிந்து 1961ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் இறந்தோரின் காதுகள். உயிருள்ள காதோ ஒலியை வெறுமனே வாங்கும் பாத்திரமன்று. அது தானும் உழைக்கின்றது. 1948ஆம் ஆண்டிலேயே தோமஸ் கோல்ட் என்னும் இளம் அறிஞர் இதனை ஊகித்துரைத்தும் அப்போது அதைச் செவிமடுத்தோர் சிலரே. 1978ஆம் ஆண்டில் இலண்டனில் டேவிட் கெம்ப் என்பவர், காது தானே மெல்லிய ஒலியை வெளிவிடுவதை நுண்ணிய ஒலிவாங்கியாற் பதிவுசெய்து காட்டினார். பிறந்த குழந்தையின் செவிப்புலனை உறக்கத்திலேயே சோதிக்கும் முறை இக்கண்டுபிடிப்பில் எழுந்ததாகும்.

காதிலுள்ள மயிர்க்கலங்கள் இருவகை. ஒரே வரிசையில் நிற்கும் உள் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3,500. ஒலியின் செய்தியை மூளைக்கு அனுப்புபவை இவை. மூன்று வரிசைகளாக நிற்கும் வெளி மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 12,000. இவை மின்தூண்டலுக்கேற்ப நீண்டும் குறுகியும் அசைவதை 1985ஆம் ஆண்டில் அமெரிக்கரான பிரவுனெல் என்பவரும் உடனாய்வாளரும் அறிவித்தனர். மெல்லிய ஒலி வரும்போது வெளி மயிர்க்கலங்கள் தம் அசைவினால் அதனைப் பன்மடங்கு பெருக்கிக் கொடுக்கின்றன. பேரொலி வரும்போது அவை பெருக்குவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. முதுமையும் பேரொலியும் முதலிற் பெரும்பாலும் இவ்வெளிக் கலங்களையே அழிக்கின்றன. அவை அழிந்தால் மெல்லொலிக்கு இருந்த துணை போய்விடும். பேரொலியோ துணையின்றியே முன்போல உட்புகும். தரை உயர்ந்தும் கூரை உயராமைக்குக் காரணம் இதுவே. பறவைகளுக்கு இக்கலங்கள் அழிந்தாலும் மீண்டும் முளைக்கின்றன. மனிதருக்கு அந்தப் பேறு இல்லை.

வெளி மயிர்க்கலங்களுக்கு வேறொரு பணியும் உண்டு. அருகருகேயுள்ள சுருதிகளை ஒன்றோடொன்று கலவாமற் பிரித்துக் கொடுப்பது அப்பணி. கண்கள் சிறுத்த அரிதட்டிலே மாவும் நொய்யும் வெவ்வேறாகும். கண்கள் கிழிந்தபின் இரண்டும் ஒன்றாகவே விழும். பழுதுற்ற காது கிழிந்த அரிதட்டை ஒத்தது. பேச்சும் இரைச்சலும் கலந்தே அதனுட் செல்கின்றன. எனவே ஒலியை எவ்வளவு உயர்த்தினாலும் பேச்சு விளங்குவதில்லை. இரைச்சலும் கூடவே உயர்கின்றது.

மொழியின் அமைப்பும் இத்துன்பத்தை மிகுவிக்கின்றது. பேச்சிலே உயிரொலிகள் வலுவுடையன. அவை தாழ்ந்த மீடிறன்களில் மிகுதியாக அமைவன. மெய்யொலிகள் பல மெலிந்தவை. அவற்றை வேறுபடுத்தும் கூறுகள் உயர்ந்த மீடிறன்களில் உள்ளன. முதுமையிற் காது முதலில் இழப்பது உயர்ந்த மீடிறன்களையே. படம், தடம், கடம், மடம் என்னும் சொற்களை எடுத்துக்கொண்டால், அவற்றை வேறுபடுத்துவது முதலெழுத்தின் மெய்யொன்றே. அது தேய்ந்தால் நான்கும் ஒன்றாகவே ஒலிக்கும். பேச்சின் ஓசை கேட்கின்றது, சொற்கள் விளங்கவில்லை என்று பீதோவன் எழுதியது இந்நிலையையே. அமைதியான இடத்தில் விடுபட்ட எழுத்தை மனம் ஊகித்து நிரப்பிக்கொள்ளும். இரைச்சலின் நடுவே ஊகிப்பதற்கு எஞ்சுவது சிறிதே.

பலர் ஒருங்கே பேசும் இடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் பின்பற்றும் ஆற்றலை, இலண்டனைச் சேர்ந்த கொலின் செரி என்பவர் 1953ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். இரு காதுகளும் நன்றாக இருப்பின், ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைக் கொண்டு மூளை வேண்டியதைத் தெரிந்தெடுக்கும். பிறர் மூச்சுவிட ஓயும் இடைவெளிகளில் நுழைந்து சொற்களைப் பொறுக்கிக்கொள்ளும். பழுதுற்ற காதுக்கு இவ்வுத்திகள் எளிதிற் கைகூடுவதில்லை. கலியாண வீட்டிலே நாதசுரமும் தவிலும் முழங்க, ஒலிபெருக்கியும் சேர்ந்து ஒலிக்க, பந்தியிற் பலரும் உரையாடுகையில், செவிப்புலன் குறைந்தவர் புன்னகையுடன் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். சிறிது நேரத்தில் களைத்து வெளியேறுவார். அடுத்த கலியாணத்துக்கு அவர் வருவதில்லை. அவரை மனிதத் தொடர்பிலிருந்து மெல்ல ஒதுக்குவதில் செவிப்புலன் குறைவோடு இரைச்சலுக்கும் பங்குண்டு.

இதனோடு வைத்துக் குழப்பிக்கொள்ளத் தகாத நிலை ஒன்றுண்டு. செவிப்புலன் குறையாதவர் சிலருக்கும் கோப்பைகள் மோதும் ஒலி, கதிரை இழுபடும் ஒலி போன்ற சாதாரண ஒலிகளே தாங்கமுடியாதனவாகும். இது மிகையொலியுணர்வு எனப்படும். இவர்களுக்குத் தரை உயர்வதில்லை, கூரை தாழ்கின்றது. காதிரைச்சல் உடையோரிடத்தும், முகநரம்பு தளர்ந்து ஏந்தியுருவை இழுக்கும் சிறுதசை செயலிழந்தோரிடத்தும் இது காணப்படுவதுண்டு. இருநிலைகளும் ஒருவரிடமே சேர்வதும் உண்டு. அப்போது அவரது அறை இருபுறமும் ஒடுங்குகின்றது. ஒலிக்கு அஞ்சி நாள் முழுவதும் காதை அடைத்துவைத்தல் இவர்களுக்கு நன்மை தருவதில்லை. அமைதிக்குப் பழகிய செவி மேலும் கூருணர்வு கொள்வதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. பேரொலி உள்ள இடத்திற் காதைக் காப்பதும், ஏனைய வேளைகளில் மெல்லிய ஒலிகளோடு சிறிது சிறிதாகப் பழகுவதுமே பயிற்சி பெற்றோர் கூறும் நெறி.

இவ்வளவையும் நோக்கினால், செவிப்புலன் உதவிக் கருவியை வாங்கிய பலர் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது ஏன் என்பது புலப்படும். பீதோவனுக்கு மெல்ட்செல் என்பவர் உலோகத்தாற் செவிக்குழல்கள் செய்து கொடுத்தார். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான திரான்சிற்றர், 1950களின் தொடக்கத்தில் வணிகப் பொருளாக முதலிற் புகுந்தது செவிப்புலன் உதவிக் கருவியிலேதான். தாயும் மனைவியும் செவிப்புலன் அற்றவர்களாக இருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை நினைந்து, இக்கருவிகளுக்கு மட்டும் அவ்வுரிமைக் கட்டணம் தவிர்க்கப்பட்டது. ஆயினும் அக்காலக் கருவிகள் எல்லா ஒலியையும் ஒரே அளவாக உயர்த்தின. 40 டெசிபெல் பேச்சை 70 ஆக்கிய கருவி, 80 டெசிபெல் தெருவோசையை 110 ஆக்கியது. உயராத கூரையில் அது மோதிற்று. உச்ச அளவைக் கடந்ததைக் கருவி வெட்டியெறிந்தபோது ஒலி சிதைந்தது.

இக்காலக் கருவிகள் வேறு நெறியிற் செயற்படுகின்றன. 1980களின் இறுதியிலிருந்து பரவிய ஒடுக்கமுறை, மெல்லொலியை மிகுதியாகவும் வல்லொலியைச் சிறிதளவாகவும் உயர்த்துகின்றது. அழிந்துபோன வெளி மயிர்க்கலங்களின் தொழிலைக் கருவி ஒருவாறு ஏற்றுக்கொள்கின்றது எனலாம். 1990களின் நடுப்பகுதியில் இலக்கமுறைக் கருவிகள் வந்தபின், ஒவ்வொரு மீடிறனுக்கும் தனித்தனியே அளவு வகுத்தலும், முன்னாலிருந்து வரும் பேச்சுக்கு முதன்மை கொடுத்தலும் கைகூடின. எனினும் ஒவ்வொருவரின் தரையும் கூரையும் வேறு. ஆகவே கருவியைப் பொருத்துபவர் மெல்லொலியை மட்டும் அளந்து நின்றுவிடாது, பொறுக்கமுடியாத எல்லையையும் அளந்து, அதனைத் தாண்டாதவாறு கருவியின் உச்ச ஒலியை வரையறுத்தல் வேண்டும். கருவி அணிந்தவர், "சத்தம் நோகின்றது" என்று முறையிட்டால், அது அளவைத் திருத்தவேண்டும் என்பதற்கு அறிகுறி. புதிதாக அணிபவர் முதலில் அமைதியான இடத்தில் ஒருவரோடு பேசிப் பழகி, பின்னர் சிறு கூட்டத்துக்கும் அதன்பின் சந்தைக்கும் செல்வது நன்று. எந்தக் கருவியும் கிழிந்த அரிதட்டை முற்றாகத் தைத்துத் தருவதில்லை. இதை முன்னரே அறிந்தவர் ஏமாற்றமடையார்.

செவிப்புலன் குறைந்தவருக்குப் பேரொலியால் இனி என்ன கேடு வரப்போகின்றது என்று எண்ணுவோரும் உளர். இது பெரும் தவறு. எஞ்சியுள்ள மயிர்க்கலங்களையும் பேரொலி அழிக்க வல்லது. 1886ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் தோமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளரின் செவிப்புலனைத் தபாற்காரர் முதலியோரின் செவிப்புலனோடு ஒப்பிட்டு, ஆணியறையும் பேரோசை அவர்களை எவ்வளவு செவிடராக்கிற்று என்பதை உலகறியச் செய்தார். 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் என்பது இன்று தொழில்களுக்குப் பரவலாகக் கொள்ளப்படும் எல்லை. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். இக்கணக்கின்படி 100 டெசிபெல் ஒலியிற் கால்மணி நேரமே நிற்கலாம். திருவிழாவிலே ஒலிபெருக்கியின் கீழே அமர்ந்திருக்கும் முதியவரும், அதன்முன் ஆடி மகிழும் சிறுவனும் இக்கணக்கை அறியார். ஒலிபெருக்கியை அமைப்போர் அறிந்திருத்தல் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, செவிப்புலன் குறைவுக்கு உதவி வேண்டி நிற்போர் உலகில் ஏறத்தாழ 43 கோடிப் பேர். 2050ஆம் ஆண்டளவில் இத்தொகை 70 கோடியைத் தாண்டக்கூடும். இவர்களுட் குழந்தைகளும் உளர் என்பதைப் பாடசாலைகள் மறத்தலாகாது. பின்வாங்கிலில் இருக்கும் மாணவன் ஒருவன் ஆசிரியர் அழைத்தால் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் பாடசாலை மணி அடித்ததும் காதைப் பொத்துகின்றான். 'மணி கேட்கும் காதுக்கு என் குரல் கேளாதா?' என்று ஆசிரியர் சினந்து தண்டிப்பாராயின், அவனது நோயின் அறிகுறியையே அவர் குற்றமாகக் கொண்டவராவார். அத்தகைய பிள்ளையைக் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் அனுப்புவதே ஆசிரியர் கடன்.

வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபெலைக் கடத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வகுத்த வழிகாட்டல். நீண்ட மண்டபத்தை அரைச்சுவராலும் தட்டிகளாலும் பிரித்து நான்கு வகுப்புகள் நடத்தும் பாடசாலையில் அந்த அளவை எட்டுதல் அரிது. தகரக் கூரையில் மழை பொழியும்போது நல்ல காதுக்கும் பாடம் கேளாது. ஆயினும் செய்யத்தக்கவை சில உள. அப்பிள்ளையைத் தெருப்பக்கம் அன்றி, ஆசிரியரின் முகம் தெரியுமாறு முன்வரிசையில் அமர்த்தலாம். கரும்பலகையை நோக்கித் திரும்பியவாறு பேசுவதைத் தவிர்க்கலாம். சுவரிலே துணித் திரைகளைத் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைக்கலாம். மேசையைப் பிரம்பால் அடித்து அமைதிகாக்கச் செய்யும் வழக்கத்தைக் கைவிடலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

வீட்டிலும் இவ்வாறே. செவிப்புலன் குறைந்தவரோடு பேசும்போது முதலிற் செய்யவேண்டியது குரலை உயர்த்துவதன்று, இரைச்சலைக் குறைப்பதாகும். வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி, குசினியிலிருந்து கூவாமல் அருகே சென்று, முகத்திலே வெளிச்சம் படுமாறு நேருக்குநேர் நின்று, சற்றே நிதானமாக, இயல்பான குரலிலோ சிறிது உயர்த்தியோ பேசினாற் போதும். கத்தும்போது உயிரொலிகளே பெருக்கின்றன, மெய்யொலிகள் தெளிவடைவதில்லை, வாயின் வடிவும் திரிகின்றது. ஒருமுறை சொன்னது விளங்காவிடின் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாது, வேறு சொற்களாற் கூறிப் பார்க்கலாம். விருந்து நடக்கும் இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தொலைவாக, சுவரையொட்டி அவருக்கு இருக்கை அளிக்கலாம். ஒருநாளில் அல்லது இருநாளிற் சடுதியாக ஒரு காது கேளாமற் போனால் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். நாட்கள் கடந்தபின் சிகிச்சையின் பயன் குன்றும்.

பீதோவன் 1802ஆம் ஆண்டில், தம் சகோதரர்களை முன்னிலைப்படுத்தி எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த மடலிலே, உரத்துப் பேசுங்கள், நான் செவிடன் என்று மனிதரிடம் சொல்லத் தம்மால் இயலாதிருந்ததை வருந்திக் கூறினார். பிடிவாதக்காரன் என்றும் மனிதரை வெறுப்பவன் என்றும் ஊரார் தம்மைத் தவறாக எண்ணியதே அவரைப் பெரிதும் வாட்டிற்று. அவர் அவ்வாறு வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் பயன் அரைகுறையாகவே இருந்திருக்கும்; உரத்துப் பேசினால் அவருக்கு நொந்திருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது அமைதியான ஓர் அறையும், எதிரே அமர்ந்து நிதானமாகப் பேசும் ஒருவரும் ஆகும். திண்ணையிலே ஒதுங்கி அமர்ந்திருக்கும் முதியவர்களுக்கும் வேண்டியது அதுவே. அதனைக் கொடுக்க வைத்தியரோ கருவியோ வரும்வரை வீட்டார் காத்திருக்கவேண்டியதில்லை.